புத்தகம் விற்கப் போனேன்

கரக்பூர் ஜங்ஷனில் உள்ள நீண்ட பிளாட்பாரத்தைப் பற்றி அன்பர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் நீளம் 1,072 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக நீளமானது என்று பெயர் பெற்றிருந்தது. 2013-இல் கோரக்பூர் அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போயிற்று. 2023-இல் ஹூப்ளி, 1,507 மீட்டர் நீளத்தில் ஒன்றைக் கட்டி, கோரக்பூரையும் முந்திவிட்டது. எங்கள் ஊரார் மட்டும் இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கையில் ஒரு கனத்த பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தவன் எவனும் அவர்களோடு வாதாட மாட்டான்.

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை, பொழுது புலரும் முன், நான் அவ்வாறு நடந்தேன். பையில் பத்துத் தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. அவற்றைக் கல்கத்தாவில் விற்க முடியுமா என்று பார்த்து வருவதே என் பிரயாணத்தின் நோக்கம். (2001 முதல் அந்நகரின் பெயர் கொல்கத்தா. ஆனால் எங்கள் வீட்டில் கல்கத்தா என்றே வழங்குகிறோம்.)

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் கரக்பூர் ரயில்வே தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்தவர். சொந்த ஊர் திருச்சி ஜில்லா. ஆண்டுக்கு ஒரு முறை பாஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊருக்குப் போய் வருவோம். திரும்பும்போது மற்ற வீட்டார் புளி, மிளகாய், அப்பளம், வடகம் என்று மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். தந்தையார் அவற்றோடு நாலைந்து புத்தகங்களும் கொண்டுவருவார். புதியதாக வாங்கும் வசதி இல்லாதபோது பழைய புத்தகக் கடையில் வாங்குவார். முதற் பக்கத்தில் ஊர், தேதி, விலை மூன்றையும் மையினால் எழுதி, இரும்புப் பெட்டியில் அடுக்கி வைப்பார். "எல்லாம் ரிடையர் ஆன பிறகு படிக்க" என்பார். 2009-இல், ரிடையர் ஆவதற்கு முன்பே அவர் காலமானார். பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எனக்கு வாரிசு முறையில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. வேலையும் பெட்டிகளும் ஒரே சமயத்தில் என் பொறுப்புக்கு வந்தன. வேலையைக் கவனித்தேன், பெட்டிகளைக் கவனிக்கவில்லை.

இப்பொழுது நாங்கள் குடியிருக்கும் பழைய குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள். புதிதாகக் கிடைத்திருப்பது அதைவிடச் சிறிய வீடு; பரண் கிடையாது. என் மனைவி இரண்டு பெட்டிகளையும் திறந்து எண்ணினாள். 163 புத்தகங்கள். "ஏங்க, இதில் எத்தனை படிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கேள்வியில் கோபம் இல்லை. கணக்குத்தான் கேட்டாள். நான் ஆறு என்று சொன்னேன். உண்மையில் நான்கு.

வாசகர்கள் என்னைப் படிப்பில் நாட்டம் இல்லாதவன் என்று எண்ணிவிட வேண்டாம். ஆறேழு ஆண்டுகளாக நான் தமிழ் படித்து வருகிறேன். எல்லாம் கைப்பேசியில். சாப்பாட்டு இடைவேளையிலும், லோக்கல் வண்டியிலும், இரவில் விளக்கை அணைத்த பிறகும் படிக்கிறேன். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இணையம் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சமன்று. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் என்ற பணி தொடங்கப்பட்டது. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் ஏதும் பெறாமல், பழைய நூல்களைத் தாமே தட்டச்சுச் செய்து, வேறொருவர் பிழை திருத்த, யாரும் எடுத்துப் படிக்கும்படி வைத்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தார் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும், அரிய பழம் பதிப்புகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ஐ.ஐ.டி.யிலேயே இந்தியத் தேசிய மின்னூலகம் உருவாகி, 2018-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்த ஐ.ஐ.டி. 1951-இல் தோன்றியது, வெள்ளையர் காலத்து ஹிஜ்லி சிறை முகாமின் கட்டடத்தில். ஆட்களை அடைத்துவைத்த இடத்திலிருந்து இன்று புத்தகங்கள் வெளியே போகின்றன. நான் சைக்கிளில் போகும்போதெல்லாம் இதை நினைப்பதுண்டு.

இணையத்தில் படிப்பவனுக்கு ஒரு நன்மை. ஒன்று மற்றொன்றுக்குக் கைகாட்டும். கொங்கு நாட்டுக் கிராமங்களைப் பற்றி யாரோ எழுதியிருந்த கட்டுரையைப் படிக்கப் போய், அதில் 'நாகம்மாள்' என்ற நாவலின் பெயரைக் கண்டேன். 1942-இல் வெளிவந்தது. எழுதியவர் ஆர். சண்முகசுந்தரம். அதற்கு முன் அந்தப் பெயரையே நான் அறியேன். தேடி எடுத்துப் படித்தேன். கணவனை இழந்த ஓர் இளம்பெண், குடும்ப நிலத்தில் தனக்குரிய பங்கைக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தக் கேள்வி அந்த வீட்டை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைச் சிறிய நாவலில், மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறார். எங்கள் உறவில் ஒரு பாகப்பிரிவினைச் சண்டை நடந்தபோது நான் சிறுவன். அன்று கேட்ட குரல்கள் திரும்ப என் காதில் விழுந்தன. அவர் எழுதிய வேறு நூல்களையும் தேடி இறக்கி வைத்துக்கொண்டேன். இன்னும் படிக்கவில்லை. கைப்பேசியும் இப்பொழுது ஓர் இரும்புப் பெட்டி ஆகிவிட்டது. ஒரே வித்தியாசம், இதற்குப் பரண் தேவையில்லை. மனைவி எண்ணிப் பார்க்கவும் முடியாது.

இவ்வளவு பழைய நூல்கள் இணையத்திலேயே கிடைக்கும்போது பெட்டிகளை எதற்குச் சுமப்பது என்று தோன்றியது. மேலாக இருந்த பத்துப் புத்தகங்களைச் சணல் கயிற்றால் கட்டி மனைவி பையில் வைத்துக் கொடுத்தாள். அவை எவை என்றுகூட நான் பார்க்கவில்லை.

கரக்பூரிலிருந்து ஹௌராவுக்குச் சுமார் 115 கிலோமீட்டர். லோக்கலில் போனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூடைகளோடு பூக்காரர்கள் ஏறுகிறார்கள். க்ஷீராய், பாஞ்ச்குடா வட்டாரங்களில் சாமந்தியும் செண்டுமல்லியும் வயல் வயலாகப் பயிராகின்றன. வண்டி முழுவதும் நம் ஊர்ப் பூக்கடை வாசனை. கோலாகாட் தாண்டியதும் ரூப்நாராயண் ஆற்றுப் பாலம். அதற்கு அடுத்த ஸ்டேஷன் தேவுல்டி. இறங்கிச் சிறிது தொலைவு போனால் சாம்தாபேட் என்ற கிராமத்தில் சரத்சந்திரர் வாழ்ந்த வீடு இருக்கிறது. மண்டபம் போன்ற தாழ்வாரமும் ஓட்டுக் கூரையும் உடைய வீடு. 1926 முதல் தம் கடைசிக் காலம் வரையில் பெரும்பாலும் அங்கேதான் அவர் வசித்தார். நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் தமிழ் நாவலாசிரியர் என்றே எண்ணிப் படித்த சரத்சந்திரர் அவர். அந்த வண்டியில் தினமும் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஸ்டேஷனில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நானும் பல ஆண்டுகள் தூங்கியவனே.

ஹௌராவில் இறங்கினால் இப்பொழுது ஆற்றுக்கு அடியிலேயே மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2024 மார்ச்சில் தொடங்கினார்கள். என் மகளுக்கு அதில் போவதென்றால் உயிர். நான் பஸ்ஸிலேயே போனேன். 1943-இல் திறக்கப்பட்ட அந்தப் பெரிய பாலத்தின் மேல் போகும்போதுதான் கல்கத்தாவுக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு உண்டாகும்.

கல்லூரித் தெருவைக் கல்கத்தாவாசிகள் 'பொய் பாடா' என்பார்கள். வங்காளியில் புத்தகத்துக்கு 'பொய்' என்று பெயர். 'பஸ்' என்பதன் முதலெழுத்தைப் போல உச்சரிக்க வேண்டும். 'பாடா' என்றால் பேட்டை. எழுதிக் காட்டினால் நம்மவர் சிரிப்பார்கள். 'பொய்யெல்லாம் ஒரு தெருவில் வைத்து விற்கிறானா?' என்று என் மாமனார் ஒரு முறை கேட்டார். பிரசிடென்சி கல்லூரியின் (2010 முதல் பல்கலைக்கழகம்) இரும்புக் கம்பி வேலியை ஒட்டி, தகரமும் பலகையும் கொண்டு கட்டிய கடைகள் வரிசையாக நிற்கின்றன. அருகிலேயே 1857-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம். பக்கத்தில் ஹேர் பள்ளி, சமஸ்கிருதக் கல்லூரி. ஒவ்வொரு கடையும் நம் ஊர் வெற்றிலைபாக்குக் கடை அளவுதான் இருக்கும். கடைக்காரர் நடுவில் உட்கார்ந்திருப்பார்; கழுத்தளவு புத்தகம். மருத்துவம், சட்டம், இயந்திரக்கலை, சர்வீஸ் கமிஷன் வினாவிடை இவைதாம் அதிகம். கேட்ட புத்தகம் தம்மிடம் இல்லாவிட்டால் ஒரு பையனை அனுப்பி அடுத்த கடையிலிருந்து வரவழைத்துக் கொடுப்பார். வாடிக்கைக்காரரை வெறுங்கையோடு அனுப்புவது அங்கே வழக்கம் அன்று.

2020 மே 20-ஆம் தேதி அம்பான் புயல் அடித்தபோது இந்தத் தெரு முழங்காலளவு நீரில் மூழ்கியது. கடைகளிலிருந்த புத்தகங்கள் தெருவில் மிதந்த காட்சியைப் பத்திரிகைகளில் பலரும் பார்த்திருக்கலாம். ஊரடங்குக் காலம் அது. கடைக்காரர்கள் ஓடிவந்து எடுத்துவைக்கவும் வழியில்லை. நான் பேசிய கடைக்காரர், வயது அறுபதுக்கு மேல் இருக்கும், அதைப் பற்றிச் சொன்னார். ஈரமான புத்தகங்களை நடைபாதையில் நாட்கணக்காகக் காயவைத்தாராம். "காய்ந்தது தாதா, ஆனால் திறக்கவில்லை" என்றார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை போல் ஆகிவிட்டனவாம். அப்படி ஒன்றை விற்காமல், கல்லாப் பெட்டிக்குக் கீழே முட்டுக்கொடுக்க வைத்திருக்கிறார். எடுத்துக் காட்டினார். பௌதிகப் புத்தகம்.

நான் என் கட்டை அவிழ்த்தேன். மேலிருந்த நான்கைந்தைப் புரட்டிவிட்டுத் தலையை அசைத்தார். "தமிழ் எழுத்து வட்டம் வட்டமாக அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே யார் வாங்குவார்கள்? பழைய காகிதக்காரன்தான் வாங்குவான்; எடைக்கு" என்றார். இதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்த்ததைக் கேட்கும்போதும் மனம் சுருங்கத்தான் செய்கிறது. மறுபடி கட்டப்போனேன். அப்பொழுது அவர் ஆறாவதோ ஏழாவதோ ஆன புத்தகத்தின் மேலட்டையைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார். அட்டை பழுப்பேறிப் போயிருந்தது. நான் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன்: "பதேர் பாஞ்சாலி."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"பிபூதி பாபுவா? எங்கள் பிபூதி பாபு தமிழிலா?" என்று சொல்லி, புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் மற்றொருவரைக் கூப்பிட்டார். ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆயினும் துர்க்கை, அபு என்ற பெயர்கள் வரும்போதெல்லாம் தலையாட்டினார்கள். கடைக்காரர், இதை மட்டும் நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விற்பதற்கு அன்று, கடையில் வைத்துக்கொள்வதற்கு.

நான் பதில் சொல்லாமல் முதற் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தையாரின் எழுத்து: 'திருச்சி, 14-5-93, பழைய பிரதி, ரூ. 12.' அதற்குக் கீழே அச்சில்: மூலம், விபூதிபூஷண் பந்தோபாத்யாய, தமிழில், ஆர். சண்முகசுந்தரம்.

எந்த மனிதரை நான் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்ததாக நினைத்து மகிழ்ந்தேனோ, அவர் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் பரணில் இருந்திருக்கிறார். வங்காளத்துக் கிராமத்தை அவர் தமிழுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதை என் தந்தையார் திருச்சியில் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து வாங்கி, மறுபடி வங்காளத்துக்கே கொண்டுவந்திருக்கிறார். அதை நான் அதே வங்காளத்தில் எடைக்குப் போட வந்திருக்கிறேன்! கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "கொடுக்காதீர்கள் தாதா, நான் கேட்டது என் ஆசை" என்று சொல்லிக் கட்டைத் தாமே கட்டிக் கொடுத்தார்.

பிறகு ஆல்பர்ட் ஹால் மாடியில் உள்ள காப்பி ஹவுசுக்குப் போனேன். 1942 முதல் அங்கே காப்பி கிடைக்கிறது. உயர்ந்த கூரை, சுற்றி மாடம், சுழலும் விசிறிகள், தலைப்பாகை அணிந்த பரிசாரகர்கள், ஒரே இரைச்சல். காப்பியைப் பற்றித் தஞ்சை, திருச்சி ஜில்லாக்காரர்களிடம் அபிப்பிராயம் கேட்கக் கூடாது. புத்தகத்தைப் பிரிக்கலாம் என்று பார்த்தேன். மேஜைக்கு இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

பொழுது இருந்தது. ஆகவே அலிப்பூருக்குப் போய்த் தேசிய நூலகத்தையும் பார்த்தேன். விலங்குக் காட்சிசாலைக்கு அருகில் உள்ள பெல்வெடியர் மாளிகையில், 1953 பிப்ரவரி முதல் தேதி, மௌலானா ஆசாத் திறந்து வைத்த நூலகம் அது. இப்பொழுது புத்தகங்களும் வாசக சாலையும் பக்கத்தில் உள்ள பாஷா பவன் என்ற புதுக் கட்டடத்தில் இருக்கின்றன. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி இங்கே அனுப்பப்பட வேண்டும். தமிழும் அதில் அடக்கம். அதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனின் பதிப்பாசிரியராக இருந்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1956-இல் காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள் இந்தக் கல்கத்தா நூலகத்துக்கு வந்து, அவர் பெயரிலேயே தனித் தொகுதியாக இருக்கின்றன. நம் சங்கத்து அன்பர்கள் கல்கத்தா வந்தால் காளிகட்டத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். வையாபுரிப் பிள்ளை தம் புத்தகங்களைப் படித்துவிட்டு வைத்துப் போனவர். பையை வாயிலில் ஒப்படைத்துவிட்டு வாசக சாலையில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் எனக்கு வாயிலில் இருந்த பையின் நினைவாகவே இருந்தது.

திரும்பும் லோக்கலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகத்தைப் பிரித்தேன். முன்பாதியில் ஓரிடத்தில் ஓர் அட்டை டிக்கெட் செருகியிருந்தது. இப்பொழுது வழக்கொழிந்துவிட்ட தடித்த அட்டைப் பிளாட்பாரம் டிக்கெட், கரக்பூர். அதற்கு முந்தைய பக்கங்களில் மஞ்சள் கறையும் விரல் அழுக்கும் உண்டு. அதற்குப் பின் உள்ள பக்கங்கள் சுத்தமாக இருந்தன. தந்தையார் அதுவரையில் படித்திருக்கிறார். நான் முதலிலிருந்து தொடங்கி, டிக்கெட்டைத் தாண்டி, பொறுக்க மாட்டாமல் இடையிடையே பக்கங்களைத் தள்ளிவிட்டு, பாஞ்ச்குடா வருவதற்குள் துர்க்கையின் முடிவு வரையில் வந்துவிட்டேன்.

சத்யஜித் ராய் 1955-இல் வெளியிட்ட திரைப்படத்தில், நாணல் பூத்த வெளியில் அக்காளும் தம்பியும் ஓடிப்போய் ரயில் வண்டியைக் காண்கிறார்கள். அந்தக் காட்சியை அறியாதவர் இல்லை. நாவலில் அப்படி இல்லை. ரயில் பாதையைத் தேடி ஓடி, வழி தவறி, காணாமலே வீடு திரும்புகிறார்கள். பின்பு துர்க்கை நோயுற்றுக் கிடக்கிறாள். உடம்பு தேறியதும் ரயிலைக் காட்டும்படி தம்பியிடம் கேட்கிறாள். ரயிலைக் காணாமலேயே அவள் போய்விடுகிறாள். இதை நான் ரயிலில் உட்கார்ந்து, ரயில்வே பாஸில் பிரயாணம் செய்துகொண்டு படித்தேன். பாலிச்சாக்கில் ஏறிய ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கியதும், "விலை போகலையா?" என்று மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒன்பது வயது மகளுக்கு வங்காளியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியும்; தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அந்தக் கதை அவளுடைய பள்ளிப் புத்தகத்தில் ஒரு பாடமாக வந்திருக்கிறதாம். "அப்பா, அதைத் தமிழில் படிங்க" என்றாள். இரவு சாப்பாடு முடிந்து படிக்க உட்கார்ந்தேன். என் தாயாருக்கு எழுத்து வாசனை கிடையாது. சுவரோரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கம் படிப்பதற்குள் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"இது உங்க அப்பா படிச்ச கதை இல்லையா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நடக்கப் பழகிய வருஷம், வேலையிலிருந்து வந்தபின் தினம் ஐந்து பக்கமாகத் தந்தையார் அவருக்கு வாசித்துக் காட்டினாராம். நடுவில் இரவு ஷிப்ட் போட்டுவிட்டார்கள். அத்தோடு நின்றுபோயிற்று. அப்புறம் வேறு கவலைகள், யாரும் எடுக்கவில்லை. "ரிடையர் ஆனதும் மீதியைச் சொல்றேன்னாரு" என்றார்.

சிறிது நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைங்க ரயிலைப் பாத்துச்சாப்பா?" என்று கேட்டார்.

"முதல்லேருந்து படிக்கிறேன், அப்பாயியும் கேக்கட்டும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பக்கத்தைத் திருப்பினேன்.

அன்று முதல் தினம் ஐந்து பக்கம் நடக்கிறது. இதை எழுதும் இன்று, அட்டை டிக்கெட் இருந்த இடத்துக்கு இன்னும் ஒன்பது பக்கங்கள் இருக்கின்றன. தாயார் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. மகள் தினமும் கேட்கிறாள். பெட்டிகள் இரண்டும் புதிய குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டன. ஒன்று கட்டிலுக்கு அடியில். மற்றொன்றின் மேல் மெத்தை தைத்துப் போட்டு, வருகிறவர்கள் உட்கார வைத்திருக்கிறோம்.